ஆவாரைக்குத் தண்ணீரைக் குறையுங்கள், கத்தரியை எடுங்கள்

ஆவாரம்பூப் பொடியைக் கடையில் பாக்கெட்டாக வாங்குகிறவர்கள் என்னைப் பார்த்தால் கேட்பது ஒன்றுதான்: "இதை வீட்டிலேயே வளர்க்க முடியாதா?" தாராளமாக முடியும். ஒரு வேப்பங்கன்றை வளர்க்கிற பாடுகூட இதற்கு வேண்டாம். ஆனால் ரோஜாவுக்கும் மல்லிகைக்கும் பார்க்கிற பக்குவத்தை இதற்குப் பார்த்தால் செடி போய்விடும். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

நான் காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில் இருக்கும் ஓர் ஊர்க்காரி. எங்கள் பக்கம் கொரங்காடு என்று சொல்கிற மேய்ச்சல் காடுகள் அதிகம். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். அந்த வேலியோரத்திலும், இரண்டு வேலிக்கு நடுவில் போகிற இட்டேரி என்கிற மண்பாதை ஓரத்திலும் ஆவாரை தானாக முளைத்து நிற்கும். யாரும் விதைத்ததில்லை, யாரும் தண்ணீர் ஊற்றியதில்லை. சித்திரை வெயிலில் புல்லெல்லாம் கருகிக் கிடக்கும்போதும் இதன் இலையில் பச்சை மாறாது. ஆடு மாடும் இதைப் பெரிதாகச் சட்டை செய்யாது, நல்ல பசியில் இருக்கும் வெள்ளாடு மட்டும் நுனியை ஒரு கடி கடித்துப் பார்க்கும். இப்படி வாழ்ந்து பழகிய செடியை வீட்டு வாசலுக்குக் கொண்டு வரும்போது, அது காட்டில் எப்படி இருந்ததோ அதையொட்டியே நாமும் நடந்துகொள்ள வேண்டும்.

முதலில், ஆவாரைதானா என்று பாருங்கள்

மஞ்சளாகப் பூக்கும் கொன்றை வகைகள் நிறைய. நர்சரியில் "ஆவாரம்பூ செடி" என்று கேட்டால் சில இடங்களில் அழகுக்கு வளர்க்கிற ஏதாவது ஒரு கொன்றைக் கன்றை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். பூவை மட்டும் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. இலையைப் பாருங்கள். ஆவாரை இலை ஓர் ஈர்க்கின் இரண்டு பக்கமும் ஜோடி ஜோடியாக இருக்கும், பெரும்பாலும் எட்டிலிருந்து பன்னிரண்டு ஜோடி. ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம், நுனி மழுங்கலாக இருக்கும். நுனியில் ஒற்றை இலை இருக்காது, ஜோடியில்தான் முடியும். அடுத்து, அந்த இலைக்காம்பு தண்டில் சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே இரண்டு பக்கமும் காது மடல் போல வட்டமான பச்சைச் செதில்கள் இருக்கும். இந்த 'காது' நல்ல பெரியதாக, உதிராமல் தண்டிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் அது ஆவாரை. இன்னும் ஒன்று: இலை ஜோடிகளுக்கு நடுவில் ஈர்க்கின் மேல் குச்சி போன்ற சின்னச் சுரப்பி ஒன்று நிமிர்ந்து நிற்கும். ஒவ்வொரு ஜோடிக்கு நடுவிலும் இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால் நன்றாகத் தெரியும்.

பொன்னாவாரை, தகரை இரண்டுக்கும் பூ சின்னது, காய் ஒல்லி, இலையைக் கசக்கினால் ஒரு மாதிரி நாறும். சீமை அகத்திக்கு இலை கையகலம், பூ மெழுகுவத்தி மாதிரி நிமிர்ந்து நிற்கும். முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் காட்டை அடைத்துக்கொண்டு வனத்துறையைப் பாடாய்ப் படுத்துகிற மஞ்சள் கொன்றையும் இதே கூட்டத்தைச் சேர்ந்ததுதான். அந்த மரத்தின் கன்றைத் தெரியாமல்கூட வாங்கி வைத்துவிடாதீர்கள்.

பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு, அதை அலட்சியம் செய்யக் கூடாது. நாட்டு மருந்துக் கடையில் 'நிலாவாரை' என்று ஒன்று விற்பார்கள். அது பேதிக்குக் கொடுக்கிற இலை. ஆவாரை இலை என்று நினைத்து அதை வாங்கிக் கஷாயம் வைத்துக் குடித்தால் வயிறு கலங்கிப் போய்விடும். வீட்டில் ஒரு செடி இருந்தால் இந்தக் குழப்பமே இல்லை.

விதை

நர்சரிக் கன்றை விட விதைதான் என் சிபாரிசு. காரணம், ஆவாரைக்கு ஆணிவேர் வேகமாக ஓடும். மேலே நான்கு இலை விடும்போதே கீழே வேர் ஆழத்துக்குப் போயிருக்கும். சின்னக் கவரில் மாதக்கணக்கில் வைத்த கன்றில் அந்த ஆணிவேர் அடியைத் தொட்டுச் சுருண்டு கிடக்கும். அப்படிச் சுருண்ட வேரை மண்ணில் வைத்தால் செடி பிழைக்கலாம், ஆனால் கோடையில் அதற்கு நம் கையை எதிர்பார்க்கிற பிழைப்புதான். இருக்க வேண்டிய இடத்திலேயே விதைத்த செடி அப்படி இல்லை, தண்ணீரைத் தானே தேடிக்கொள்ளும்.

விதை எடுக்க நல்ல மாதம் மாசி, பங்குனி. காய் தட்டையாக, காகிதம் போல மெல்லியதாக, பழுப்பு நிறத்தில் காய்ந்து தொங்கும். குலுக்கினால் சலசலவென்று கேட்க வேண்டும். பச்சை மாறாத காயைப் பறித்து வெயிலில் காயப்போட்டால் விதை சூம்பிப் போகும், வேண்டாம். ஒரு காயில் பத்துப் பதினைந்து விதை சாதாரணமாகக் கிடைக்கும். ஓட்டை விழுந்த விதை இருந்தால் ஒதுக்கிவிடுங்கள், உள்ளே வண்டு தின்றிருக்கும்.

இனி முக்கியமான வேலை. ஆவாரை விதையின் தோல் கெட்டி. அப்படியே மண்ணில் போட்டால் பத்து விதையில் ஒன்றிரண்டு முளைக்கும், மீதி அடுத்த வருஷ மழைக்கோ அதற்கடுத்த மழைக்கோ காத்துக் கிடக்கும். காட்டில் அது நல்ல ஏற்பாடு. ஒரு மழை பொய்த்தாலும் விதை முழுவதும் வீணாகாது. நமக்கு அவ்வளவு பொறுமை ஏது, அதனால் தோலை நாமே இளக்க வேண்டும்.

ஒரு டம்ளர் தண்ணீரைக் கொதிக்க வைத்து அடுப்பை அணையுங்கள். கொதி அடங்கி ஓரிரு நிமிஷம் ஆனதும் விதையைப் போட்டு, அப்படியே ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். அடுப்பில் வைத்துக்கொண்டே விதையைப் போடக் கூடாது, வெந்துவிடும். காலையில் பார்த்தால் சில விதை ஊதி, தோல் பளபளவென்று இருமடங்காகியிருக்கும். சில விதை நேற்று இருந்த மாதிரியே இருக்கும். ஊதியதை அன்றைக்கே விதைக்க வேண்டும், காய விட்டால் கெட்டது. ஊதாததை எடுத்து அம்மியிலோ உப்புத்தாளிலோ ஒரு பக்கமாக லேசாகத் தேய்த்து, சாதாரணத் தண்ணீரில் மறுபடி ஒரு ராத்திரி போடுங்கள். தேய்க்கும்போது ஒரு பக்கம் மட்டும் நிறம் மங்கினால் போதும், உள்ளே வெள்ளைப் பருப்பு தெரிகிற அளவுக்குத் தேய்க்காதீர்கள். அப்புறம் ஏறக்குறைய எல்லாம் ஊதிவிடும்.

புரட்டாசியில் முதல் நல்ல மழை விழுந்ததும் விதைப்பது எங்கள் ஊருக்குச் சரி. ஐப்பசி, கார்த்திகை மழையில் வேர் இறங்கிவிட்டால் அடுத்த கோடையைத் தாங்கும். தென்மேற்குப் பருவமழை நன்றாகக் கிடைக்கிற பகுதியில் இருப்பவர்கள் ஆடியிலேயே போடலாம்.

இடமும் மண்ணும்

வெயில். இதில் மட்டும் சமரசமே கிடையாது. காலையிலிருந்து சாயங்காலம் வரை வெயில் விழுகிற இடமாகப் பாருங்கள். மரத்தடியில், மதில் நிழலில் வைத்தால் செடி நெட்டையாக வளர்ந்து இலையாகவே நிற்கும், பூவுக்கு ஏங்க வேண்டியதுதான்.

மண் எதுவானாலும் சரி: செம்மண், சரளை, சுக்கான் கல் கலந்த மண், கரிசல். வீடு கட்டும்போது கொட்டிய ஜல்லியும் செங்கல் துண்டும் கலந்த இடத்தில்கூட வரும். வேண்டியது ஒன்றே ஒன்று, தண்ணீர் தேங்கக் கூடாது. பாத்திரம் கழுவிய தண்ணீர் போகிற வாய்க்கால் ஓரம், ஏசியிலிருந்து சொட்டுகிற இடம், வாழைக்குப் பக்கத்தில் என்று எங்கேயும் வைக்காதீர்கள். கரிசல் மண்காரர்கள் அரை அடிக்கு மண்ணை மேடாகக் கூட்டி அதன்மேல் விதைக்கலாம்.

குழி ஓர் அடி ஆழம், ஓர் அடி அகலம் போதும். தோண்டிய மண்ணையே கட்டி உடைத்துத் திரும்பப் போட்டு, மேலே இரண்டு கை மக்கின சாணம் கலந்துவிடுங்கள். குழிக்கு மூன்று விதை, விரல் நுனி அளவு ஆழம். அதற்கு மேல் ஆழத்தில் போனால் மேலே வரத் திணறும். ஒரு வாரம், பத்து நாளில் முளை தெரியும். முதலில் இரண்டு தடித்த விதையிலை வரும், அப்புறம் குட்டி குட்டி ஜோடி இலை. ஒரு சாண் உயரம் வந்ததும் நல்ல செடி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கத்தரியால் தரையோடு நறுக்கிவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேர் அசையும்.

தனிச் செடியென்றால் சுற்றிலும் நான்கைந்து அடி விடுங்கள். வேலியாக வேண்டுமென்றால் இரண்டு அடிக்கு ஒன்று. ஆவாரை வேலி நெருக்கமாக, அழகாக வரும். முள் இல்லாததால் திருடனைத் தடுக்காது, ஆனால் தூசியையும் அனல் காற்றையும் நன்றாகத் தடுக்கும்.

மாடியில் வைப்பவர்களுக்கு: தொட்டி ஆழமாக இருக்க வேண்டும், ஒன்றரை அடிக்குக் குறையக் கூடாது. அகலம் அவ்வளவு முக்கியமில்லை. செம்மண் இரண்டு பங்கு, ஆற்று மணலோ பொடி ஜல்லியோ இரண்டு பங்கு, மக்கின உரம் ஒரு பங்கு. கடையில் விற்கும் தேங்காய் நார்க் கழிவு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் மற்ற செடிகளுக்கு நல்லது, இதற்கு வேண்டாம். தொட்டி அடியில் ஓட்டை அடைபடாமல் ஓட்டாஞ்சில்லு போடுங்கள். தொட்டிச் செடி மூன்று நான்கு அடிக்குமேல் போகாது. அதுவும் பூக்கும், ஆனால் தரையில் இருப்பது போலக் குலைகுலையாக எதிர்பார்க்காதீர்கள்.

தண்ணீர்

முளைத்த முதல் மாதம் மழை இல்லையென்றால் மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரு சொம்பு. அடுத்த சில மாதம் வாரம் ஒருமுறை. முதல் கோடையில் மட்டும் வாரம் ஒரு குடம் ஊற்றிக் காப்பாற்றுங்கள். இரண்டாம் வருஷத்திலிருந்து தரைச் செடிக்கு மழை போதும். மழையே இல்லாத வருஷத்தில், இலை வாடித் தொங்கி, காலையிலும் நிமிரவில்லை என்றால் ஒரு குடம் ஊற்றலாம். மத்தியான வெயிலில் வாடுவதைப் பார்த்துப் பதறி ஊற்றாதீர்கள், சாயங்காலம் தானே நிமிர்ந்துகொள்ளும். தொட்டிச் செடிக்கு விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டுப் பார்த்து, ஈரமில்லை என்றால் மட்டும்.

திருப்பூரில் வேலை பார்க்கிற சொந்தக்காரப் பையன் ஒருவன் ஒருநாள் போன் செய்தான். "ஏனுங்க்கா, நீங்க குடுத்த ஆவாரைல இலையெல்லாம் மஞ்சளாப் போய்க் கொட்டுதுங்க. தினமும் தண்ணி உடறனுங்க, உரம்கூட வெச்சனுங்க." தினமும் என்றதுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால், மல்லிகைக்குப் போட்ட சொட்டுநீர்க் குழாயில் ஒன்றை இதற்கும் இழுத்து விட்டிருக்கிறான். மண்ணைக் கிளறினால் சேறு வாசம். பக்க வேரைத் தொட்டால் தோல் தனியாகக் கையோடு வந்தது, உள்ளே நார் பழுப்பாக இருந்தது. வேர் அழுகினால் மேலே இலை மஞ்சளாகும், அதைத் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள். அந்தச் செடியைக் காப்பாற்ற முடியவில்லை. "தண்ணி உட்டா தப்புங்களா?" என்று அவன் முகம் வாடிப் போனான். சரி, அதே இடத்தை இரண்டு வாரம் காயவிட்டு, மணல் கலந்து, புதிதாக விதை போட்டுவிட்டு வந்தேன். குழாயையும் கழற்றச் சொன்னேன். இப்போது அவன் மதிலுக்கு மேலே தலை நீட்டிக்கொண்டு நிற்கிறது.

உரமும் அப்படித்தான். யூரியா போட்டால் இலை கரும்பச்சையாக, தளதளவென்று வரும். பூ வராது, மாவுப்பூச்சி வரும். வருஷத்துக்கு ஒருமுறை முதல் மழைக்கு முன்னால் தூரைச் சுற்றி ஒரு கூடை மக்கின சாணமோ இலைதழையோ போட்டால் யதேஷ்டம். பயறு வகைச் செடிதானே, வேர் முடிச்சு விட்டு மண்ணுக்குத் தழைச்சத்து தரும் என்று சிலர் சொல்வார்கள். ஆவாரை அப்படி முடிச்சு விடுவதில்லை. ஆனால் இதன் தழையை வெட்டி வயலில் போட்டு மிதிப்பது பழைய வழக்கம். உவர் மண்ணுக்கு நல்ல தழையுரம் என்று வயலுக்குத் தேடிப் போய் வெட்டி வருவார்கள்.

கத்தரி எங்கே, எப்போது

இந்தப் பகுதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். "வெட்ட மனசே வரலைங்க" என்பார்கள். வெட்டாத ஆவாரை பத்தடிக்கு வளர்ந்து, கீழே வெறும் குச்சியாக, பூவெல்லாம் கைக்கெட்டாத உயரத்தில் நிற்கும். பூக்கொத்து புதுத் தளிரின் நுனியில்தான் வரும். எத்தனை புதுக் கிளையோ அத்தனை கொத்து. ரோட்டோர ஆவாரை பூத்துக் குலுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். போகிறவர் வருகிறவர் எல்லாம் அதை ஒடித்துக்கொண்டே இருக்கிறார்கள், அதுதான் விஷயம்.

எங்கள் பக்கம் மார்கழி கடைசி நாளில் காப்புக் கட்டு உண்டு. வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி வீட்டு நிலையில், கட்டுத்தரையில், கிணற்று மேட்டில், காட்டில் எல்லாம் செருகுவோம். அன்றைக்கு இட்டேரி நெடுக ஆவாரைக் கிளை ஒடிபடும். எங்கள் அப்பாரு, பிள்ளைகளை ஒடிக்க அனுப்பும்போது சொல்வார்: "நுனியில ஒரு மொழம் ஒடி கண்ணு, வேரோட இழுக்காத." ஒரு முழம் என்பது சரியான அளவு. மறு வருஷம் அந்தக் கிளை மூன்று நான்காகப் பிரிந்து பூத்திருக்கும்.

இன்னும் பழைய கதை ஒன்று உண்டு. தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் என்கிற மரத்தின் பட்டை வந்து இறங்கும் முன்னால், அந்தக் கால மதராஸ் மாகாணத்தில் தோல் பதனிட ஆவாரம்பட்டையைத்தான் பெரிதும் நம்பியிருந்தார்கள். தண்டை வெட்டிப் பட்டையை உரித்துக்கொண்டு போவார்கள், தூரிலிருந்து மறுபடி கிளைத்துவிடும். அவ்வளவு வெட்டையும் தாங்கி வந்த செடி இது. நம் வீட்டுக் கத்தரிக்கு ஒன்றும் ஆகாது.

நான் செய்வது இப்படி. செடி இடுப்பளவு வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுவேன், பக்கக் கிளை வரட்டும் என்று. அப்புறம் வருஷா வருஷம் விதை எடுத்து முடித்ததும் ஒவ்வொரு கிளையிலும் மூன்றில் ஒரு பங்கை வெட்டுவேன். கணுவுக்குச் சற்று மேலே, சாய்வாக. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை, ஆடியில், தூரிலிருந்து ஓர் அடி உயரம் விட்டு மொத்தமாக வெட்டிவிடுவேன். பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும். ஆடிக் காற்று ஓய்வதற்குள் தூரில் செந்நிறத் தளிர் கிளம்பிவிடும், மார்கழியில் பழையபடி பூ. இந்தப் பெரிய வெட்டை மட்டும் பங்குனி, சித்திரையில் செய்யாதீர்கள். அந்த வெயிலில் தளிர் கருகிப் போகும். வெட்டிய குச்சி பல் துலக்க ஆகும், தழையை வாழைக்கோ தென்னைக்கோ மூடாக்காகப் போடலாம்.

வண்டும் புழுவும்

பூ விரிந்த காலையில் செடிப் பக்கம் சற்று நில்லுங்கள். காய்ந்த மூங்கிலிலும் விட்டத்திலும் துளை போட்டுக் குடியிருக்குமே, அந்தப் பெரிய கருவண்டு, அது வரும். பூவைக் கீழிருந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு 'ர்ர்ர்' என்று ஓர் அதிர்வு கொடுக்கும். பறக்கும் சத்தத்தை விடக் கீச்சென்று இருக்கும் அந்தச் சத்தம். ஆவாரம்பூவில் மகரந்தப் பை முழுசாகப் பிளக்காது. உப்புப் போடுகிற டப்பாவில் இருப்பது போல நுனியில் சின்னத் துளைதான். உலுக்கினால்தான் தூள் கொட்டும். வண்டின் வயிற்றில் மஞ்சள் அப்பியிருப்பது நமக்கே தெரியும். இந்த வண்டு வராவிட்டால் காய் குறையும், விதை குறையும். அதனால் பூக்கும் காலத்தில் எந்தப் பூச்சிமருந்தையும் அடிக்காதீர்கள். நாமும் அந்தப் பூவைத்தானே பறித்துக் குடிக்கப் போகிறோம்.

இலையில் பச்சைப் புழு தெரிந்தால் அதையும் விடுங்கள். வெள்ளையும் இளம்பச்சையும் கலந்த ஒரு வண்ணத்துப்பூச்சி தேடி வந்து முட்டையிடுகிற செடி இது. கொஞ்சம் இலை போகும், மழைக்குப் பிறகு திரும்ப வரும். செடி மிகச் சின்னதாக இருந்தால் மட்டும் புழுவைக் கையால் எடுத்துப் பெரிய செடியில் விடுங்கள்.

மாவுப்பூச்சிதான் கவனிக்க வேண்டியது. கணுவில் வெள்ளைப் பஞ்சு தெரிந்ததும் அந்த நுனியை வெட்டித் தூரப் போட்டு எரியுங்கள். பரவிவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய ஒரு துளி சோப்புக் கரைசல் சேர்த்து, வெயில் தாழ்ந்ததும் அடியுங்கள். அதற்கு முன்னால் எறும்பு ஏறுகிறதா என்று தூரைப் பாருங்கள். எறும்புதான் மாவுப்பூச்சியைக் காத்துக்கொண்டிருக்கும்.

பறிப்பதும் காயவைப்பதும்

நன்றாக வளர்ந்த செடி பெரும்பாலும் இரண்டாம் வருஷத்தில் கைநிறையப் பூ தரும். வருஷம் முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தாலும், மழைக்குப் பிறகு தை வரைக்கும்தான் கொத்துக் கொத்தாக வரும். பனி காய்ந்த பிறகு, வெயில் ஏறுமுன் பறியுங்கள். விரிந்த பூவை மட்டும், காம்பைத் திருகாமல் கிள்ளி எடுங்கள். கொத்தில் மொட்டு மிச்சம் இருந்தால் அது அடுத்தடுத்த நாளில் விரியும். ஒரு செடியில் மூன்றில் ஒரு பங்குப் பூவை வண்டுக்கும் விதைக்கும் விட்டுவிடுவது என் பழக்கம்.

முறத்தில் போட்டு ஒரு தட்டு தட்டினால் எறும்பும் சிறு பூச்சியும் ஓடிவிடும். வெள்ளைத் துணியில் ஒரே அடுக்காகப் பரப்பி நிழலில், காற்றோட்டமான இடத்தில் காயவையுங்கள். வெயிலில் போட்டால் நிறம் வெளுத்துப் போகும். நான்கைந்து நாளில் கையில் நொறுக்கினால் சலசலக்கும். அதற்கு முன் பாட்டிலில் அடைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். கண்ணாடி பாட்டில், இறுக்கமான மூடி. பொடியாக அரைத்து வைப்பதை விடப் பூவாகவே வைத்துக்கொண்டு வேண்டும்போது பயன்படுத்துங்கள்.

ரோட்டோரப் பூவைப் பறிக்க வேண்டாம் என்று சொல்வதில் எனக்கு உறுதி உண்டு. வண்டிப் புகையும் தூசியும் ஒரு பக்கம், களைக்கொல்லி அடித்த ஓரமா என்று தெரியாத பயம் இன்னொரு பக்கம்.

குடிப்பது பற்றி

ஆறேழு பச்சைப் பூ, அல்லது ஒரு டீஸ்பூன் காய்ந்த பூ, ஒரு டம்ளர் தண்ணீர். மூன்று நான்கு நிமிஷம் கொதிக்கவிட்டு வடிகட்டினால் தேன் நிறத்தில் வரும். லேசான துவர்ப்பு இருக்கும். இலங்கையில் இதை 'ரணவரா' என்று டீ போலவே குடிக்கிறார்கள், அங்கே கடைகளில் பாக்கெட்டாகக் கிடைக்கும். பாசிப்பருப்பு வேகும்போது ஒரு கைப்பிடிப் பச்சைப் பூவைப் போட்டுக் கூட்டு வைத்தால் பிள்ளைகளும் சாப்பிடுவார்கள். காம்பையும் பச்சைப் புல்லி இதழையும் எடுத்துவிட்டால் துவர்ப்பு குறையும். குளியல் பொடியில் பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சளோடு இதையும் சேர்த்து அரைப்பது தெரிந்ததுதான். காட்டு வேலைக்குப் போகிறவர்கள் உச்சி வெயிலில் தலைப்பாகைக்குள் இதன் தழையை வைத்துக்கொள்வதை எங்கள் ஊரில் இன்றைக்கும் பார்க்கலாம்.

சித்த மருத்துவத்தில் 'ஆவாரைக் குடிநீர்' என்று ஒன்று உண்டு: ஆவாரை, கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோட்டம், கோரைக்கிழங்கு, மருதம்பட்டை. சர்க்கரை நோய்க்குக் கொடுப்பது. அதை வைத்தியர் பார்த்துச் சொல்லும் அளவில்தான் சாப்பிட வேண்டும். "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்று பாட்டிகாலத்துப் பழமொழி இருக்கிறது என்பதற்காக, சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு ஆவாரம்பூத் தண்ணீர் குடிக்கிறவர்களைப் பார்க்கிறேன். தயவு செய்து அதைச் செய்யாதீர்கள். மாத்திரையோடு இதையும் தினமும் சேர்த்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரக்கூடும். டாக்டரிடம் சொல்லிவிட்டு, சர்க்கரை அளவைப் பார்த்துக்கொண்டே குடியுங்கள். கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மார்களும், வேறு நோய்க்குத் தொடர்ந்து மாத்திரை எடுப்பவர்களும் கேட்காமல் தொட வேண்டாம். பட்டை, வேர், விதை இவற்றை வீட்டு வைத்தியமாகக் கையாளாதீர்கள். பூ போதும்.

விதை சேர்த்து வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காய்ந்த காயை உரித்து, விதையை ஒருநாள் நிழலில் உலர்த்தி, சலித்த அடுப்புச் சாம்பலோடு கலந்து கண்ணாடி பாட்டிலில் போட்டு வையுங்கள், வண்டு அண்டாது. தோல் கெட்டி என்பதால் வருஷக்கணக்கில் முளைப்புத்திறன் போகாது. யாருக்காவது கொடுக்கும்போது வெந்நீர் விஷயத்தைச் சீட்டில் எழுதிக் கூடவே வைத்துக் கொடுங்கள். "உங்க விதை முளைக்கவே இல்லை" என்று திரும்பி வருகிறவர்களில் பாதிப் பேர் அப்படியே மண்ணில் போட்டவர்கள்தான்.